வாசனைக் கழிவு

ஆகஸ்ட் 3, திங்கள்

இன்று மதியச் சாப்பாட்டு மணிக்கு முன்னாலேயே மூன்று தலைகளைச் சீவிவிட்டேன். மனிதத் தலைகள் இல்லை. ஸ்கில்கள்.

கைப்பேசியில் "தும்பி" என்று கூப்பிட்டால் பதில் சொல்கிறதே ஓர் உதவியாளர், அதற்கு வெளியாட்கள் எழுதி அனுப்பும் கூடுதல் திறமைகளுக்கு எங்கள் ஆபீஸில் அப்படிப் பெயர். அதை எழுதக் கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் வேண்டாம். ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று சாதாரணத் தமிழில் எழுதி அனுப்பினால் போதும், தும்பி படித்துக்கொண்டு அதன்படி நடக்கும். எழுதியது கோணலாக இருந்தால் கோணலாகவே நடக்கும். ஆகவே ஊருக்குள் விடுவதற்கு முன் ஒவ்வொன்றும் மதுரையில் ஒரு மகா சன்னிதானத்தின் முன் வந்து நின்றாக வேண்டும். அந்தச் சன்னிதானம், மில் கேண்டீனில் இருபத்திரண்டு வருடம் சூப்பர்வைசராகக் கோலோச்சிய மயில்வாகனனாகிய நான்.

ஒவ்வொரு ஸ்கில்லையும் நூறு கேள்வி கேட்பேன். நாற்பது, அது பதில் சொல்ல வேண்டியவை. நாற்பது, அது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியவை. மிச்சம் இருபதும் குறுக்குக் கேள்விகள். அந்த இருபதுக்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். என் குறும்பு அகில உலகத்துக்கும் தெரிந்த ஒன்று.

காலையில் வந்த விடுப்புக் கடித ஸ்கில்லிடம் வெண்பொங்கலுக்கு மிளகு எவ்வளவு என்று கேட்டேன். "மதிப்பிற்குரிய வெண்பொங்கல் அவர்களுக்கு, எனக்கு உடல்நலம் சரியில்லாத காரணத்தால்" என்று ஆரம்பித்தது. தலை உருண்டது.

சாப்பிட்டு வந்து அடுத்த கோப்பைத் திறந்தேன். ஸ்கில்லின் பெயர்: பந்திக் கணக்கு. விருந்துக்கு எத்தனை பேர் என்று சொன்னால் அரிசி, பருப்பு, காய்கறி எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுமாம். எழுதியவர்: சௌந்தர்ராஜ், திருநகர்.

என் சகலை. என் மனைவி காஞ்சனாவின் தங்கை மேகலாவைக் கட்டியவர். முப்பது வருடம் வானிலை நிலையத்தில் மழை அளந்து ஓய்வு பெற்றவர். அறுபது வயதைத் தாண்டியும் தலையில் ஒரு முடி நரைக்கவில்லை, அதையும் அவர் அளந்து வைத்திருப்பார். அவர் கல்யாணமாகி வரும்வரை மாமியார் வீட்டில் ஈரல் என் தட்டில்தான் விழும். அவர் வந்த பிறகு அந்த ஈரலை நான் தூரத்திலிருந்து தரிசித்தேன்.

சொந்தக்காரர் எழுதிய ஸ்கில் வந்தால் டீம் லீடர் நிலோஃபர் மேடத்திடம் சொல்லிவிட்டு வேறு ஆளுக்கு மாற்ற வேண்டும் என்பது ஆபீஸ் விதி. சொல்லத்தான் நினைத்தேன். வாயில் வெற்றிலை இருந்தது.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

சௌந்தர்ராஜின் மகள் யாமினிக்கு முப்பதாம் தேதி கல்யாணம். இந்தக் குடும்பத்தில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் பந்திப் பொறுப்பு எனக்குத்தான். நான் கரண்டியைத் தூக்கினால் வைகையில் வெள்ளம் வருவதுபோல் சாம்பார் வரும் என்று ஊரே பேசும்.

சாயங்காலம் காஞ்சனா தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பினாள்.

"ஏங்க, யார் யாருக்கு என்ன வேலைன்னு பிரிச்சிட்டாங்க. உங்களுக்கு வாசல்."

"வாசல்னா?"

"பன்னீர் தெளிக்கிறது. சந்தனம், கல்கண்டு."

"பந்தி?"

"அதுக்குத்தான் அவர் ஏதோ போன்ல எழுதியிருக்காராமே. லிஸ்ட் அது போட்டுரும், மளிகையை நாங்களே இறக்கிருவோம், மாஸ்டர் சமைச்சாப் போதும்ங்கிறாரு. நீங்க ஏன் மூஞ்சிய அப்படி வெச்சிருக்கீங்க?"

"எப்படி வெச்சிருக்கேன்?"

"கல்கண்டு புளிச்ச மாதிரி."

எனக்கு ஒன்றுமில்லை. இந்த வருடம் வெயில் அதிகம்.

ஆகஸ்ட் 6, வியாழன்

முதல் நாற்பது கேள்வி முடிந்தது. ஐம்பது பேருக்கு வளைகாப்பு, நூற்றிருபது பேருக்குக் காதுகுத்து, எண்பது பேருக்குப் பிரியாணி. சர்க்கரை நோயாளிகள் முப்பது பேர் வந்தால் பாயசத்தை எவ்வளவு குறைப்பது என்றுகூடக் கேட்டேன். "குறைக்க வேண்டாம், அவர்கள்தான் இரண்டாவது முறை கேட்பார்கள்" என்றது.

அது என் வாக்கியம் மாதிரி இருந்தது. தற்செயலாக இருக்கும். உண்மை எல்லாருக்கும் ஒன்றுதானே.

நாற்பதுக்கு நாற்பது.

ஆகஸ்ட் 7, வெள்ளி

தலைவலி. விடுப்பு.

ஆகஸ்ட் 10, திங்கள்

வாயை மூடிக்கொள்ள வேண்டிய நாற்பதைக் கேட்டேன். கல்யாண வீட்டுக்கு என்ன சேலை கட்டலாம், பந்தியில் என்னைக் கவனிக்கவில்லை மனசு கஷ்டமாக இருக்கிறது, சோறு குழைந்துவிட்டது என்ன செய்ய. பந்தி என்ற சொல்லைக் கேட்டதும் பாய்ந்து வந்து அரிசிக் கணக்குச் சொல்லும் என்று வலை விரித்துக் காத்திருந்தேன். வரவில்லை. தன் வேலை இல்லை என்று தெரிந்து ஒதுங்கி நின்றது. எங்கள் குடும்பத்தில் இந்தத் திறமை யாருக்கும் கிடையாது, எனக்குச் சுத்தமாகக் கிடையாது.

மத்தியானம் சௌந்தர்ராஜே போன் செய்தார்.

"அண்ணே, ஒரு ஸ்கில் எழுதி அனுப்பியிருக்கேன். உங்க ஆபீஸ்லதான் பாப்பாங்களாம்ல?"

"ஆயிரக்கணக்குல வருது சகல. கடல்ல விழுந்த கடுகு மாதிரி."

"யார் பாக்குறாங்கன்னு தெரியுமாண்ணே?"

"அது ராணுவ ரகசியம். சொன்னா என்னையத் தூக்கி உள்ள வெச்சிருவாங்க."

"இல்லண்ணே, சிபாரிசுக்குக் கேக்கல. தப்பு இருந்தா தயங்காமச் சொல்லச் சொல்லுங்க. இருபத்தேழாம் தேதி மளிகை சொல்லணும். யாமினி கல்யாணத்துக்கு இதை நம்பித்தான் இருக்கேன்."

நிறைய நம்பிக்கை. சில மனிதர்களுக்கு எப்படித்தான் அவ்வளவு கிடைக்கிறதோ.

ஆகஸ்ட் 12, புதன்

கிடைத்துவிட்டது. ஏழு கடலும் என் மேஜைக்குக் கீழே வந்து கைகட்டி நிற்கின்றன.

எண்பத்தெட்டாவது கேள்வி. "அறுநூறு பேர் வருகிறார்கள், ஒரு பந்தியில் இருநூறு பேர்தான் உட்கார முடியும், அரிசி எவ்வளவு?" இதுவரை நான் கேட்டதெல்லாம் ஒரே பந்தியில் முடிகிற சின்ன விருந்துகள். நூறு பேருக்குப் பன்னிரண்டு கிலோ என்பது அதன் கணக்கு. என் கணக்கும் அதுதான். அறுநூறு பேருக்கு எழுபத்திரண்டு வர வேண்டும். ஐம்பத்து நான்கு என்றது.

பதினெட்டுக் கிலோ குறைவு. மூன்றாம் பந்தியில் நூற்றைம்பது பேர் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் நாற்காலியில் இருந்து எழுந்து ஒரு சுற்றுச் சுற்றினேன். பக்கத்து மேஜைக்காரர் கால் மரத்துவிட்டதா என்று கேட்டார்.

சகலை எங்கே சறுக்கினார் என்று பார்க்க அவர் எழுதிய விதிகளைத் திறந்தேன். பதினேழாவது விதி இப்படி இருந்தது:

"வாசனைக் கழிவு. இரண்டாம் பந்திக்குக் காத்திருப்பவர்கள் சமையல் வாசனையை ஒரு மணி நேரம் சுவாசிப்பதால் கால் வயிறு நிரம்பிவிடும். மூன்றாம் பந்திக்காரர்களுக்கு அரை வயிறு. ஆகவே இரண்டாம் பந்திக்கு அரிசியில் காலும், அதற்குப் பிறகு பாதியும் கழிக்கவும்."

சிரிக்க வாயைத் திறந்தேன். அதற்குக் கீழே ஒரு வரி இருந்தது.

"ஆதாரம்: மயில்வாகனன் அண்ணன், என் புதுமனை புகுவிழாவில் சொன்னது. இருபத்திரண்டு வருடம் தினமும் ஆயிரம் பேருக்குச் சோறு போட்டவர்."

திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

ஆகஸ்ட் 13, வியாழன்

நடந்ததை எழுதுகிறேன். எழுதித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

பதினைந்து வருடத்துக்கு முன், அவருடைய புதுமனை புகுவிழா. பந்திப் பொறுப்பு நான். அன்று பிடித்தது மழை. வர வேண்டியவர்களில் பாதிப் பேர் வரவில்லை, ஒரு அண்டாச் சோறு மிஞ்சிவிட்டது. ஏண்ணே மிஞ்சுச்சு என்று சௌந்தர்ராஜ் கேட்டார். மழை என்று சொல்லியிருக்கலாம். மழை அளக்கிற மனிதனிடம் போய் மழையைக் காரணம் சொல்வதா? அன்றைக்குத்தான் மாமியார் எல்லார் முன்னாலும், "சின்ன மாப்பிள்ளை சொந்த வீடே கட்டிட்டாரு" என்று சொல்லியிருந்தார். நான் வாடகை வீட்டில் இருந்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வாசனைச் சாத்திரத்தை அவிழ்த்துவிட்டேன். கேண்டீனில் பத்து வருடம் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்தேன் என்றேன். சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் மட்டும் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

இன்று விதிகள் முழுவதையும் படித்தேன். அறுபத்தொரு விதி. நாற்பத்தெட்டுக்கு ஆதாரம் நான். அரிசிக்குப் பன்னிரண்டு கிலோ, நான். அப்பளத்தை மூன்றாம் பந்தி வரை நமுக்காமல் வைப்பது, நான். சர்க்கரை நோயாளியின் பாயசமும் நானேதான்.

என் கணக்கு என்னையே வாசலுக்கு அனுப்பிவிட்டுப் பந்தியைப் பார்க்கப் போகிறது.

ஆகஸ்ட் 14, வெள்ளி

பிழை அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: "பிழை எங்கிருந்து வந்தது?" அதை நிரப்பாமல் அனுப்ப முடியாது. அனுப்பினால் எழுதியவருக்கும் ஒரு நகல் போகும். ஐந்து முறை திறந்து ஐந்து முறை மூடினேன்.

பிறகு ஒரு தெய்வீக யோசனை வந்தது. இது பொறாமையில் பிறந்த யோசனை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஸ்கில்லைத் தேர்ச்சி செய்துவிடுவது. முப்பதாம் தேதி மூன்றாம் பந்தியில் சோறு தீரும். சௌந்தர்ராஜ் வேட்டியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிற்பார். மாமியார் நாலு பக்கமும் பார்ப்பார். அப்போது வாசலிலிருந்து பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு நான் மெல்ல நடந்து வருவேன். மண்டபத்து ஸ்டோர் ரூமில், முன்கூட்டியே நான் ஒளித்துவைத்த இருபத்தைந்து கிலோ அரிசி. அடுப்பு மூளும், கூட்டம் வழிவிடும். ஈரல் திரும்பி வரும்.

நூறு கேள்வியிலும் தேர்ச்சி என்று குறித்து அனுப்பினேன். எண்பத்தெட்டாவதில் கை கொஞ்சம் நின்றது. ஏசி காற்று.

ஆகஸ்ட் 15, சனி

ஒரு மூட்டை அரிசி வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

"எதுக்குங்க இது?"

"தேசப்பற்று."

காஞ்சனா மேற்கொண்டு கேட்கவில்லை. அவள் கேட்காமல் விடுவது கேட்பதைவிட மோசம்.

ஆகஸ்ட் 17, திங்கள்

யாமினி ஆபீஸ் வாசலுக்கே வந்து பத்திரிகை கொடுத்தாள்.

"பெரியப்பா, உங்களை வாசல்ல போட்டதுக்குக் கோவமா?"

"நானா? பாண்டிய நாட்டு வாசலையே காத்த பரம்பரை."

"பொய். அம்மாகிட்ட நான்தான் சொன்னேன். போன கல்யாணத்துல முட்டி வலிக்குதுன்னு படியில உக்காந்துட்டீங்கள்ல. அப்பா வேண்டாம்னுதான் சொன்னாரு, அண்ணன் இல்லாமப் பந்தியான்னு."

இதற்கு என்ன பதில் என்று தும்பியிடம் கேட்டிருந்தால் அதுவும் ஒதுங்கி நின்றிருக்கும்.

"நீ எந்தப் பந்தியில சாப்பிடுவ?" என்று கேட்டேன்.

"கடைசிப் பந்திதான். மாப்பிள்ளை வீடு முதல்ல, மத்தவங்க அடுத்து. போட்டோ எல்லாம் முடிச்சு நானும் அவரும் நம்ம வீட்டு ஆளுங்களும் மூணாவதுல. இலையில எனக்கு நீங்கதான் பாயசம் ஊத்தணும், இப்பவே சொல்லிட்டேன்."

என் கனவில் மூன்றாம் பந்திக்காரர்களுக்கு முகமே இல்லை. இப்போது எல்லாருக்கும் யாமினியின் முகம் இருக்கிறது. மூட்டை இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டேன். சோறு வெந்து வர ஒரு மணி நேரம் ஆகும் என்பது மில் கேண்டீன் சூப்பர்வைசருக்கு இத்தனை நாள் ஞாபகம் வரவில்லை.

ஆகஸ்ட் 19, புதன்

காலையில் நிலோஃபர் மேடம் என் மேஜைக்கு வந்து, ஒரு டப்பா பேரீச்சம்பழத்தை நீட்டினார்.

"சார், எங்க தம்பி கல்யாணத்துக்கு வலீமா விருந்து இந்த ஞாயித்துக்கிழமை. எண்ணூறு பேர். நீங்க பாஸ் போட்டீங்கள்ல பந்திக் கணக்கு, அதை வெச்சே பிரியாணிக்கு லிஸ்ட் போட்டுட்டேன். இன்னைக்கு அத்தா கடைக்குப் போறாங்க."

"மண்டபத்துல எத்தனை பேர் உக்காரலாம் மேடம்?"

"இருநூறு. ஏன் சார்?"

"வெளிய விடுறதுக்கு முன்னாடியே ஏன் மேடம்..."

"நீங்க பாஸ் போட்டா நான் கண்ணை மூடிட்டு நம்புவேன் சார்."

நாலு பந்தி. கடைசி இரண்டுக்கும் பாதி அரிசி. நாளை மறுநாள் ஸ்கில் ஊருக்குள் போகிறது. அதற்கப்புறம் தமிழ்நாட்டில் எத்தனை மண்டபம், ஆவணியில் எத்தனை முகூர்த்தம்? எத்தனை ஸ்டோர் ரூமில் நான் மூட்டையை ஒளித்து வைப்பேன்? எனக்கு முட்டி வேறு வலிக்கிறது.

"மேடம், அத்தாவை நிப்பாட்டுங்க" என்றேன்.

எல்லாம் சொன்னேன். இந்த நாட்குறிப்பில் இருப்பதைவிடக் குறைவான வார்த்தையில் சொன்னேன். அவர் வெளியே போய் தன் அப்பாவுக்குப் போன் செய்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"சௌந்தர்ராஜ் உங்க சொந்தக்காரரா சார்?"

"சகலை."

"முதல் நாளே சொல்லியிருக்கணும்."

"வாயில வெற்றிலை இருந்துச்சு மேடம்."

அவர் சிரிக்கவில்லை. நான் யாரிடம் சொன்னேனோ அவரே சிரிக்காத இரண்டாவது நகைச்சுவை இது.

இந்த மாதம் முடியும் வரை நான் எதையும் சோதிக்கக் கூடாது. என் கையால் தேர்ச்சியான பழைய ஸ்கில்கள் அத்தனையையும் இன்னொருவர் மறுபடி பார்ப்பார். அதற்கு முன் பிழை அறிக்கையை நானே நிரப்பித் தர வேண்டும். நிரப்பினேன். அந்தக் கட்டத்தில் எழுதியது: "மயில்வாகனன் சொன்ன பொய்."

பேரீச்சம்பழ டப்பாவை அவர் திரும்பி எடுத்துக்கொள்ளவில்லை. நானும் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 20, வியாழன்

சௌந்தர்ராஜ் போன் செய்தார். வழக்கமாக "அண்ணே" என்று ஆரம்பிக்கிற மனிதர், இன்று நேரே விஷயத்துக்கு வந்தார்.

"ரிப்போர்ட் வந்துச்சு."

"ம்."

"அன்னைக்கு எத்தனை மில்லிமீட்டர் மழைன்னு என்கிட்ட இருக்கு. முப்பத்தொன்பது. சோறு ஏன் மிஞ்சுச்சுன்னு நானே யோசிச்சிருக்கணும். நீங்க சொன்னதுனால யோசிக்கல."

"சிரிக்கிறதுக்காகச் சொன்னேன் சகல."

"நான் சிரிக்கலையேண்ணே. எழுதிக்கிட்டேன்."

வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 22, சனி

காஞ்சனா மூட்டையைப் பிரித்துவிட்டாள். மூன்று நாளாக அந்த அரிசிதான். எல்லாம் தெரிந்திருக்கிறது, ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. சாதம் உதிரி உதிரியாக நன்றாகத்தான் வருகிறது. இரண்டாம் முறை மட்டும் நான் கேட்பதில்லை.

ஆகஸ்ட் 26, புதன்

வேறொரு ஆய்வாளர் சோதித்து, பந்திக் கணக்கு இன்று வெளியானது. ஆபீஸில் எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மற்றவர்களைவிட அரை நொடி முன்னாலேயே நிறுத்திவிட்டேன்.

திறந்து பார்த்தேன். பதினேழாவது விதி இல்லை. மற்ற நாற்பத்தேழிலும் என் பெயரை எடுத்திருப்பார் என்று தேடினேன். எடுக்கவில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் புதிதாக ஒரு சொல் மட்டும் சேர்ந்திருந்தது: "சரிபார்த்தது." ஆறு நாளில் நாற்பத்தேழையும் உட்கார்ந்து சரிபார்த்திருக்கிறார். நாற்பத்தேழும் சரியாகவே இருந்திருக்கின்றன. இதற்குப் பெருமைப்படுவதா அவமானப்படுவதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

மண்டபத்திலிருந்து வந்ததும் எழுதுகிறேன். வேட்டியெல்லாம் பன்னீர்.

காலை ஐந்தரையிலிருந்து வாசல். ஆறாயிரம் பேருக்குப் பன்னீர் தெளித்தேன் (காஞ்சனா அறுநூற்றுப் பத்து என்கிறாள்). முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார், ஒரு குறையும் இல்லை. இரண்டாம் பந்தி, ஒரு குறையும் இல்லை. சாப்பிட்டு வந்தவர்கள் எல்லாரும் ஏப்பத்தோடு ஒரே வசனத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள்: "சௌந்தர்ராஜ் அசத்திட்டாரு." நான் ஒவ்வொருவருக்கும் கல்கண்டு கொடுத்தேன். என் வயிற்றில் ஒரு கோட்டை அடுப்பு எரிந்தது. அதில் இன்னொரு கல்யாணத்துக்குச் சமைத்திருக்கலாம்.

அவர் காலையிலிருந்து நாலு முறை வாசலைக் கடந்தார். நாலு முறையும் கையில் இருந்த பட்டியலைப் பார்த்துக்கொண்டே கடந்தார்.

மூன்றாம் பந்திக்கு இலை போட்டபோது யாமினி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். போய் அவள் இலையில் பாயசம் ஊற்றினேன். மாப்பிள்ளைக்கும் ஊற்றினேன். பக்கத்தில் ஓர் இலை காலியாக இருந்தது, உட்காருங்க பெரியப்பா என்றாள். உட்கார்ந்தேன். காய்கறி வந்தது, அப்பளம் வந்தது, நமுக்காமல் இருந்தது.

சோற்று வாளியோடு வந்தது சௌந்தர்ராஜ். என் இலைக்கு முன்னால் நின்று, கரண்டியில் அள்ளியதில் பாதியைத் திரும்ப வாளியில் தட்டிவிட்டு, மீதியை வைத்தார்.

மாமியார் எதிர் வரிசையிலிருந்து பார்த்துவிட்டார். "என்ன மாப்பிள்ளை, பெரியவருக்கு இவ்வளவுதானா?"

"அவருக்குப் போதும் அத்தை" என்றார், மழை அளவு வாசிக்கிற அதே குரலில். "காலைல இருந்து வாசனை பிடிச்சிட்டு இருக்காரு."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. முதலில் காஞ்சனா சிரித்தாள், அப்புறம் யாமினி. அப்புறம் அந்தப் பந்தி முழுவதும், விஷயம் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும். மாமியார் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். சௌந்தர்ராஜ் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு வாளியோடு நின்றார்.

அது என்னுடைய நகைச்சுவை. பதினைந்து வருடத்துக்கு முன் நானே பெற்றெடுத்தது. அதை எடுத்து, என்னைவிடக் குறைவான வார்த்தையில், என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார். முடி, வீடு, ஈரல், ஸ்கில் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

"வைங்க சகல" என்றேன்.

வைத்தார். மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். சோதித்துக் காட்ட வேண்டுமே.